திகதி போடாத கடிதம்

என் தங்கச்சியின் அலுமாரியை எனக்கு நன்றாகத் தெரியும். நான் கத்தாரிலிருந்து முதல் விடுமுறையில் வந்தபோது சம்மாந்துறையில் ஒரு தச்சரிடம் சொல்லிச் செய்வித்தது. தேக்கு மரம், மூன்று கதவு. நடுக்கதவுக்குள்ளே ஒரு சின்ன அறை, அதற்குத் தனிப் பூட்டும் திறப்பும். வீட்டு உறுதிப் பத்திரம், அவளுடைய நகை, எல்லாருடைய கடவுச்சீட்டுகள், மௌத்தாகிப்போன உம்மாவின் அடையாள அட்டை, எல்லாம் அதற்குள்தான். என் அரசியலையும் நான் அங்கேதான் வைத்துப் பூட்டச் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்கள் கரையோர ஊர்களில் வீடு பெண்ணுக்கு உரியது. ஆண்பிள்ளை உழைத்துத் தங்கச்சிக்கு வீடு கட்டுவான், அவளுக்கு மாப்பிள்ளை எடுப்பான், பிறகு தானும் ஒருத்தியைக் கட்டி அவள் வீட்டுக்குப் போய்விடுவான். கல்யாணம் கட்டாத ஆணுக்கு இங்கே சொந்தமாக ஒரு கூரை கிடையாது. நான் ஆறு வருடம் பாலைவன வெயிலில் கிடந்து அவளுக்கு வீடு கட்டினேன், மாப்பிள்ளையும் எடுத்தேன். நான் போவதற்குத்தான் ஒரு வீடு இருக்கவில்லை. ஆகவே நான் கட்டின வீட்டின் முன்னறையில் விருந்தாளியாகத் தங்கினேன். தங்கச்சியின் புருஷன் தோஹாவில் வாகனம் ஓட்டுகிறவர், வருடத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் அவளும், அவளுடைய ஒரே மகளும், நானும்.

நான் ஏன் கட்டவில்லை என்பது ஊருக்கு ஒரு மாலை நேரத்தில் தெரியவந்தது. அன்று அஸர் தொழுகை முடிந்து, பள்ளிவாசலில் எங்கள் தாய்வழிக் குடிக்காகப் பேசுகிற மரைக்காயர், இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தங்கச்சி முன்னறையில் கதிரைகளை இழுத்துப் போட்டுவிட்டுக் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள்.

"தம்பி, நாப்பத்திரெண்டு வயசாகிட்டு. நல்ல இடமொண்டு வந்திரிக்கி. இந்த முறையும் மாட்டன் எண்டா ஊர் ஒரு மாதிரிக் கதைக்கும்," என்றார் மரைக்காயர்.

"கதைக்கட்டும் மாமா. உண்மையத்தானே கதைப்பாங்க."

"என்ன உண்மை?"

"எனக்குப் பொம்புளைகள்ள நாட்டமில்ல. ஆம்புளைகள்ளதான். அல்லாஹ் என்ன அப்பிடித்தான் படச்சிரிக்கான். இத மறச்சி ஒரு புள்ளட வாழ்க்கையப் பாழாக்க என்னால ஏலா."

இதைச் சொல்ல எனக்குப் பெரிய துணிச்சல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு புதுப் பொய் தேடித் தேடிச் சலித்துப்போயிருந்தேன், அவ்வளவுதான். மரைக்காயர் கையிலிருந்த பிளேன்டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சரி, நாங்க வாறம்," என்று எழும்பினார். பொழுதடைகிற மஃரிப் தொழுகைக்கு முன்னால் ஊர் முழுக்கச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் ரயில் இல்லை, அந்தக் குறையை வாய்கள் தீர்த்து வைக்கின்றன.

ஊர் என்னை ஒதுக்கியது. ஒதுக்கி எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? பிரதேச செயலகத்துக்கு எதிரே ஒரு வாகை மரத்தடியில் மேசை போட்டு, படிவம் நிரப்பிக் கொடுப்பதும் மனு எழுதுவதும்தான் என் தொழில். பிறப்புப் பதிவில் பெயர் பிழை, காணாமல்போன அடையாள அட்டை, மாரி மழையில் வீட்டுக்குள் வந்த வடிகான் தண்ணீர், எல்லாவற்றுக்கும் நான்தான் எழுத வேண்டும். இரண்டு கிழமை மேசை காய்ந்து கிடந்தது. மூன்றாம் கிழமை கல்முனைக்குடியிலிருந்து ஒரு பெண் வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சொந்த அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, "காக்கா, நீங்க எழுதினாத்தான் வேல நடக்குது," என்று படிவத்தை நீட்டினாள். அதற்குப் பிறகு வரிசை பழையபடி நின்றது. பெண்கள்தான் முக்கால்வாசி. என்னிடம் கதைத்தால் யாரும் பிழையாக நினைக்கமாட்டார்கள் என்று அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், அதில் எனக்கும் ஒரு சிரிப்பு.

என் நண்பன் ஒருவன் மட்டும் அந்த இரண்டு கிழமையும் தினமும் வந்து மேசைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன், இப்போது ஊரே 'சேர்' என்று கூப்பிடுகிற கணக்கு வாத்தியார், மூன்று பிள்ளைகளின் வாப்பா. நானும் கேலிக்கு அவனைச் சேர் என்றே கூப்பிடுவேன். ஊர் நினைக்கக்கூடியதை நானே சொல்லிவிடுகிறேன்: அவன்மேல் எனக்கு அப்படியொரு எண்ணம் ஒருநாளும் வந்ததில்லை. அவன் என் கூட்டாளி, அவ்வளவுதான். அதனால்தான் இத்தனை வலி.

உள்ளூர்த் தேர்தல் வந்தபோது சேருக்கு ஒரு யோசனை வந்தது. கட்சிகளை நம்பாமல் ஒரு சுயேச்சைக் குழு. பட்டியலில் என் பெயரும் வேண்டும் என்றான். "சேர், என்னைப் போட்டா உன்ட வோட்டும் போகும்," என்றேன். "போடா விசரா, வோட்டே உன்ட மேசையிலதான் இரிக்கி," என்றான். உண்மைதான். வடிகான், சந்தையில் மீன் விற்கிற பெண்களுக்கு ஒரு மலசலகூடம், கடற்கரைக் குப்பை, இந்த மூன்றையும் பற்றி நான் எழுதின மனுக்கள்தான் எங்கள் பிரசாரம். எங்களுக்குக் கிடைத்த சின்னம் பூட்டு. வீடு வீடாகப் போய்ப் பூட்டுக்குப் போடுங்கள் என்று கேட்டோம். எந்த வட்டாரத்தையும் வெல்லவில்லை. ஆனால் மொத்த வாக்கைக் கூட்டிப் பார்த்தபோது பட்டியலில் ஒரு ஆசனம் எங்களுக்கு விழுந்தது.

அந்த ஆசனத்துக்கு நான்தான் போக வேண்டும் என்று குழுவில் எல்லாரும் சொன்னார்கள். சேர் மட்டும் என்னைத் தனியாகக் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். கரைவலைத் தோணிகளுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தோம்.

"மச்சான், ரெண்டு வருஷம் நான் இரிக்கன், மறுகா ரெண்டு வருஷம் நீ இரி. இப்பவே நீ போனா முதல் அமர்விலேயே கூச்சல் போட்டு உன்ன எழும்ப உடமாட்டானுகள். நான் போய் அவனுகளப் பழக்கி வெக்கிறன். சூடு ஆறட்டும்."

"ரெண்டு வருஷம் முடிய நீ எழும்பாட்டி?"

"வல்லாஹி மச்சான், முடியிற அண்டைக்கே எழும்புவன்."

இது கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம், எங்கள் பக்கத்தில் இது பழகிப்போன நடைமுறை. ஒரு ஆசனத்தை ஊருக்கும் ஊருக்கும், ஆளுக்கும் ஆளுக்கும் துண்டு துண்டாகப் பங்கு போடுவோம். முதலில் இருக்கிறவர் தன் இராஜினாமாக் கடிதத்தை முதல் நாளே எழுதி, கையெழுத்தும் வைத்து, திகதியை மட்டும் வெறுமையாக விட்டுக் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது ஒரு ஆள் அதை வைத்திருப்பார். தவணை வந்ததும் திகதியைப் போட்டு அனுப்புவார். வழமையாக அந்த மூன்றாவது ஆள் கட்சித் தலைவர் அல்லது பள்ளிவாசல். எங்களுக்குக் கட்சி இல்லை. என் பெயர் சம்பந்தப்பட்ட கடிதத்தைப் பள்ளிவாசல் தொடாது.

"அப்ப ஆர்ட்ட வெப்பம்?" என்று சேர் கேட்டான்.

"தங்கச்சிட அலுமாரியில," என்றேன். யோசிக்கவே இல்லை.

கடிதத்தை என் மேசையில் வைத்து நான்தான் எழுதினேன். அழகான கடிதம், ஒரு பிழை கிடையாது. அவன் கையெழுத்து வைத்தான். நான் அதை உறையிலிட்டு ஒட்டி, தங்கச்சியிடம் கொடுத்து, அவள் அந்தச் சின்ன அறையைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகியதையும் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போனேன். "கவனமா வெச்சிக்க, இது என்ட கதிர," என்றேன். "ஓம் காக்கா," என்றாள்.

அடுத்த இரண்டு வருடமும் நான் மிகச் சந்தோஷமாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதுதான் எரிகிறது. ஒவ்வொரு மாதமும் சபை அமர்வுக்கு முதல் நாள் சேர் என் மேசைக்கு வருவான். அவன் கேட்க வேண்டிய கேள்விகளை, கொண்டுவர வேண்டிய பிரேரணைகளை, நான் எழுதிக் கொடுப்பேன். பார்வையாளர் வாங்கில் உட்கார்ந்து அவன் வாசிப்பதைக் கேட்பேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் தவிசாளரைப் பார்க்க வேண்டும் என்றுகூட ஓரத்தில் குறித்திருப்பேன். அவன் பேர் எடுத்தான். நான் பழகிக்கொண்டேன். என் முதல் உரையையும் எழுதி வைத்திருந்தேன். 'நான் யார் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பதற்கு நீங்கள் சிரமப்பட வேண்டாம்' என்று அது தொடங்கும். கண்ணாடிக்கு முன்னால் நின்று பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அந்த இடைவெளியில் மருமகளுக்குக் கல்யாணம் வந்தது. சேரின் மனைவி பக்கத்து உறவில் ஒரு பொடியன், அரசாங்கத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். நல்ல இடம். சேரே முன்னுக்கு நின்று பேசி முடித்தான். ஊர் ஒரு மாதிரிப் பார்க்கிற மாமனுடைய மருமகளுக்கு இப்படி ஒரு இடம் வந்ததே என்று நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கல்யாண வீட்டில் சஹனில் சாப்பாடு. ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து கைபோட்டுச் சாப்பிட வேண்டும். நான் அந்த உண்மையைச் சொன்ன நாளிலிருந்து என் சஹனில் உட்காரச் சனத்துக்குத் தயக்கம். நான் உட்கார்ந்த இடத்தில் தட்டு வந்து, கறி வந்து, மற்ற ஐந்து இடமும் வெறுமையாகக் கிடந்தன. மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிறார்கள். மருமகளின் மாமன் தனியே ஒரு சஹனுக்கு முன்னால் இருக்கிறேன். அப்போது சேர் எழும்பி வந்து எனக்குப் பக்கத்தில் சம்மணமிட்டான். "என்னடா பாக்கிறீங்க, வாங்க," என்று இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்தான். இறைச்சியைப் பிய்த்து என் பக்கம் வைத்தான். இந்த மனிசனுக்காக உயிரையும் கொடுக்கலாம் என்று அன்று நினைத்தேன்.

இரண்டு வருடம் ஒரு வெள்ளிக்கிழமையில் முடிந்தது. ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்தேன். தங்கச்சி பின்கட்டில் குந்தியிருந்து பாரை மீன் அரிந்துகொண்டிருந்தாள். மருமகள் மாசமாக இருந்தாள், கதிரையில் சாய்ந்து கிடந்தாள்.

"தங்கச்சி, அந்தக் கடிதத்த எடு. திகதி போடணும்."

அவள் அரிவாள்மனையிலிருந்து தலை தூக்கவில்லை.

"அது இல்ல காக்கா."

"எங்க வெச்ச?"

"வெக்கல்ல. குடுத்திட்டன்."

எனக்கு விளங்கவில்லை. "ஆருக்கு?" என்றேன்.

"சேருக்கு."

"எப்ப?"

அவள் மீனின் செதிலை வழித்து வழித்து ஒன்றும் மிச்சமில்லாமல் வழித்தாள். "நீங்க தந்து ஒரு மாசத்துக்குள்ளேயே," என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் அவளே சொன்னாள், நான் கேட்கக்கூட இல்லை. நான் மேசையில் இருந்த ஒரு காலையில் சேர் மனைவியோடு வந்திருக்கிறான். மகளுக்கு நல்ல மாப்பிள்ளை ஒன்று இருக்கிறது, நான் பேசித் தருகிறேன் என்றிருக்கிறான். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: மாமன் இப்போது ஒரு மேசைக்குப் பின்னால் சத்தமில்லாமல் இருக்கிறார், அது பரவாயில்லை. நாளைக்கு அவர் சபையில் எழும்ப, எதிர்க்கிறவர்கள் ஒலிபெருக்கியில் அவரைப் பற்றி ஊர் ஊராகக் கத்தினால், அந்த வீட்டில் பெண் எடுக்க முடியாது. கடிதம் தன் கையில் வந்தால் கல்யாணத்துக்குத் தான் பொறுப்பு என்றிருக்கிறான். தங்கச்சி இடுப்பிலிருந்த திறப்பை எடுத்திருக்கிறாள்.

"எனக்கிட்டச் சொல்லியிரிக்கலாமே," என்றேன்.

"சொன்னா நீங்க என்ன செஞ்சிரிப்பீங்க?"

"நானே கிழிச்சிப் போட்டிரிப்பன்."

அது உண்மை. மருமகளுக்காக என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அந்தக் கதிரையை விட்டுக் கொடுத்திருப்பேன். கேட்காமல் எடுத்ததுதான் என்னால் பொறுக்க முடியாதது. தங்கச்சி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எனக்கு ஊடு கட்டித் தந்தீங்க காக்கா. இல்லயெண்டு நான் சொல்லல்ல. நான் என்ட புள்ளக்கி ஒரு மாப்புள எடுக்க வேணாமா?" என்றாள். அவள் அழவில்லை. மருமகள்தான் அழுதாள். அவளுக்குத் தெரியாது என்று நான் நம்ப விரும்புகிறேன், இன்றுவரை கேட்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் சேரை வாசலில் பிடித்தேன். என்னைக் கண்டதும் விளங்கிக்கொண்டான். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, கணக்குப் பாடம் எடுக்கிற அதே பொறுமையான குரலில் கதைத்தான்.

"மச்சான், நான் உன்னக் காப்பாத்தினன். சட்டத்தில அது இன்னும் குற்றம்தானே. நீ சபையில எழும்பின அண்டைக்கே ஆராச்சும் ஒருத்தன் பொலிசில போட்டா நான் என்ன செய்யிற?"

"அத ரெண்டு வருஷத்துக்கு முந்தியே சொல்லியிரிக்கலாம்."

"உனக்கு என்ன குறை? கேள்வியெல்லாம் உன்டதானே. பிரேரணையெல்லாம் உன்டதானே. அப்ப நீதானேடா சபையில இரிக்காய்?"

நான் அவனுக்கு அடித்திருக்க வேண்டும். பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள், ஒவ்வொன்றும் 'அஸ்ஸலாமு அலைக்கும் சேர்' என்று சொல்லிக்கொண்டு போனது, அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். வல்லாஹி என்று சத்தியம் பண்ணின அதே வாய். அந்த இரண்டு வருடமும், கேள்வி வாங்க வந்த ஒவ்வொரு மாதமும், என் சஹனில் கைபோட்டு இறைச்சி பிய்த்து வைத்த அன்றும், அந்தக் கடிதம் அவனிடம்தான் இருந்தது. என்னை இருத்திவைத்துத் தீனி போட்டிருக்கிறான். 

அன்றே முன்னறையைக் காலி பண்ணினேன். காலி பண்ண என்ன இருந்தது, ஒரு சூட்கேசும் ஒரு பாயும். போட்டோக்கொப்பிக் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை எடுத்தேன். தங்கச்சி வாசலில் நின்றாள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த அறை மருமகளுக்கும் மாப்பிள்ளைக்கும் வேண்டியிருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த தேர்தலை ஒத்திவைத்து ஒத்திவைத்து, கடைசியில் வைத்தார்கள். இந்த முறை யாருடைய பட்டியலிலும் நான் போகவில்லை. நானே ஒரு குழுவைச் சேர்த்தேன். சந்தையில் மீன் விற்கிற ஒரு விதவை, பெரியநீலாவணையிலிருந்து ஒரு கடற்றொழிலாளி, ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர், நான். யாருக்கும் இழக்கப் பேர் பெரிதாக இல்லை, அதுதான் எங்கள் பலம்.

சேர் பயந்தது எல்லாம் நடந்தது. ஒலிபெருக்கி கட்டின ஆட்டோக்கள் என் பெயரைச் சொல்லி ஊரைச் சுற்றின. அதில் வந்த சொற்களை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் அவர்களுக்கு இன்னொரு ஆட்டோ பிடித்துக் கொடுத்த மாதிரி. ஒரு கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவன், "நீ ஆம்புளையா?" என்று கத்தினான்.  நான் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஆருட்டயும் மறைக்கல்ல தம்பி. எனக்கு ஆம்புளைகள்ளதான் விருப்பம். இந்த ஊரில வடிகானுக்கு விருப்பு வெறுப்பு கிடையாது, மழ பெஞ்சா உன்ட ஊட்டுக்கும் தண்ணி வரும். அதுக்கு மனு எழுதிறது நான்தான். உன்ட உம்மாட படிவத்தையும் போன மாசம் நான்தான் நிரப்பினன்."

சிரிப்பு முதலில் பெண்கள் பக்கத்தில்தான் எழும்பியது. பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான் என்று சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. எண்ணி முடித்தபோது பட்டியலில் மறுபடியும் ஒரு ஆசனம். இந்த முறை அது என் பெயருக்கு வந்தது.

நான்கு வருடத்தை நான்கு பேருக்குப் பிரித்தோம். எங்கள் பக்கத்தில் வேறு வழி தெரியாது, எனக்கும் தெரியாது. முதல் வருடம் எனக்கு, அடுத்தது மீன் விற்கிற அந்த விதவைக்கு, நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுகிறவருக்கு. என் இராஜினாமாக் கடிதத்தை எழுதி வாங்க அவர் மேசைக்கு வந்தார். கையில் செதில் ஒட்டியிருந்தது, துடைத்துக்கொண்டார்.

"இத ஆர்ட்டக் குடுத்து வெப்பம் தம்பி? உங்கட தங்கச்சிட்டயே குடுப்பமா? கூடப் பொறந்தவதானே."

அவருக்கு எதுவும் தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. அவர் பயந்துபோய்ப் பார்த்தார். கடிதத்தின் தலையில் அடுத்த வருடத்துத் திகதியை, மாதம் நாள் எல்லாம் தெளிவாக எழுதினேன். கையெழுத்து வைத்து அவர் கையிலேயே கொடுத்தேன். "ஆர்ட்டயும் குடுக்காதீங்க ராத்தா. உங்கட பெட்டிக்குள்ளேயே வையுங்க. நாள் வந்தா எனக்கிட்டக் கேக்காமலே அனுப்பிடுங்க," என்றேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

சபையில் என் முதல் உரையை நான் வாசித்தேன். வருடக் கணக்காகக் கண்ணாடிக்குச் சொன்னதை ஆட்களுக்குச் சொன்னேன். இரண்டு பேர் எழும்பி வெளியே போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தவிசாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "உறுப்பினர் தொடரலாம்," என்றார். நான் மலசலகூடத்தைப் பற்றித் தொடர்ந்தேன். இன்றைக்கு அது சந்தையில் நிற்கிறது. உள்ளே தாழ்ப்பாளும் உண்டு, அதை நானே போய்ப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு வருடத்தில் எத்தனை பேர் என்னைப் புதிதாக அறிமுகப்படுத்திக்கொண்டார்கள்! என் சஹனில் உட்காரத் தயங்கினவர்கள் இப்போது கல்யாண வீடுகளில் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இருத்துகிறார்கள். மரைக்காயர் சலாம் சொல்லுகிறார். சேர்கூட ஒருநாள் மேசைக்கு வந்து, மாகாண சபைத் தேர்தல் வந்தால் நாங்கள் இருவரும் சேர்ந்து போகலாமே என்றான். 'படிவம் ஏதும் நிரப்ப இருந்தால் வரிசையில் நில்' என்று சொன்னேன். நின்றுவிட்டுப் போய்விட்டான்.

போன கிழமை தங்கச்சி வந்தாள். இத்தனை வருடத்தில் முதல் முறை. பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் ஒரு கிண்ணத்தில், மேலே ஒரு தட்டால் மூடிக் கொண்டுவந்தாள். அவளைக் கண்டதும் என் நெஞ்சு உருகிப்போனது, அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்றே நினைத்தேன். போட்டோக்கொப்பிக் கடைக்காரரிடம் கதிரை கேட்டு வாங்கி, துடைத்துப் போட்டேன். மருமகளின் குழந்தை 'உம்மாட மாமா எங்க' என்று கேட்கிறதாம், அது என்னைக் கண்டதே இல்லை. மாப்பிள்ளைக்கு இடமாற்றம் ஒன்று கிடைக்க இருக்கிறதாம், சபை உறுப்பினர் ஒருவர் கதைத்தால் நடக்குமாம். வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கைக்குக் கொங்கிரீட் போடுவார்களாம், அதையும் சொன்னாள். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"அடுத்த மாசம் நீங்க எழும்பப் போறீங்களாமே காக்கா?"

"ஓம். ராத்தாட முறை."

"என்னத்துக்கு உடுறீங்க? அந்த மீன்காரிக்கு என்ன தெரியும்? மாகாண சபை வந்தா இந்தக் கதிரயிலிரிந்துதானே மேல போகலாம். மாப்புள ஊட்டாளுகளும் அதத்தான் சொல்றாங்க. மாமா மெம்பராயிரிக்கிறது அவங்களுக்கும் பெருமதானே."

பெருமை. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் யார் என்பது இவர்களுக்கு ஒருநாளும் பிரச்சினையாக இருக்கவில்லை. கதிரையில் இல்லாத நாளில் நான் மானக்கேடு, கதிரைக்கு வந்தபிறகு பெருமை. அதற்காகவா என் இரண்டு வருடத்தை, என் கூட்டாளியை, என் முன்னறையை எடுத்துக்கொண்டாள்? கத்த வேண்டும்போல இருந்தது. வரிசையில் பெண்கள் நின்றிருந்தார்கள், கத்தவில்லை.

"அந்தக் கடிதத்த எப்பிடியாச்சும் வாங்கிடுங்களன்," என்றாள் மெதுவாக, எனக்காகக் கவலைப்படுகிற அதே பழைய குரலில்.

மூடியிருந்த வட்டிலப்பக் கிண்ணத்தை அப்படியே அவள் பக்கம் நகர்த்திவைத்தேன்.

"வாங்க ஏலா தங்கச்சி," என்றேன். "அது உன்ட அலுமாரியில இல்ல."